மூன்றரை கெல்வின் மிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். முதலில் அளவீடு, பிறகு விளக்கம் என்றுதான் அறிவியலைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறோம். பேரண்டத்தின் எச்சக் கதிர்வீச்சைக் காட்டிக்கொடுத்த, 1965இல் வெளியான ஒரு கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அந்த வரிசை நிற்காது.

அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஹோம்டெல் என்ற இடத்தில், பெல் ஆய்வகத்தின் 20 அடி கொம்பு ஆன்டெனா இருந்தது. அந்த ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் பென்சியாஸும் வில்சனும் அதை வானுச்சிக்குத் திருப்பி, 4080 மெகாஹெர்ட்ஸில் வந்த ரேடியோ இரைச்சலைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்த ஒப்பீட்டுச் சாதனத்தோடு மாற்றி மாற்றி ஒப்பிட்டு அளந்தார்கள். இப்படிப்பட்ட இரைச்சலின் வலிமையை வெப்பநிலையாக, கெல்வின் அலகில் சொல்வது வழக்கம். கிடைத்தது 6.7 கெல்வின். அதில் காற்றுமண்டலத்தின் பங்கு 2.3. ஆன்டெனாவைச் சாய்க்கச் சாய்க்க அது பார்க்கும் காற்றின் தடிமன் கூடும், இரைச்சலும் ஏறும். அந்த ஏற்றத்திலிருந்து எடுத்த எண் இது. ஆன்டெனாவின் மின்தடை இழப்பு 0.8. தரையிலிருந்து பின்பக்கமாக நுழைவது அதிகம் போனால் 0.1. மிச்சம் 3.5, ஒரு கெல்வின் கூடலாம், குறையலாம்.

இந்த 3.5ஐ எந்த முள்ளும் காட்டவில்லை. கழித்த ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் காற்றையும் உலோகத்தையும் பற்றிய ஒரு கோட்பாடு இருக்கிறது. அவற்றில் ஒன்று பிசகினாலும் மிச்சம் மாறும். அதனால்தான் ஆன்டெனாவுக்குள் கிடந்த புறா எச்சத்தைக்கூடத் துடைத்தார்கள், இணைப்புகளில் அலுமினியப் பட்டை ஒட்டினார்கள். மிச்சம் போகவில்லை.

இதே ஆன்டெனாவில் 1961இல் ஓம் என்பவர், பெறுகருவியின் இரைச்சலையும் சேர்த்து, வர வேண்டும் என்று கணக்கிட்டது 18.9, அளந்தது 22.2. வித்தியாசம் 3.3 கெல்வின்! அவருடைய பிழை வரம்பு அதை விழுங்கிவிட்டது. அதற்கும் முன்னே, 1941இல், கனடாவில் மெக்கெல்லர் விண்மீன்களுக்கு இடையே உள்ள சயனோஜென் மூலக்கூறுகளின் நிறமாலைக் கோடுகளிலிருந்து அவற்றின் வெப்பநிலை 2.3 கெல்வின் என்று கணித்திருந்தார். அந்த எண்ணைப் பேரண்டத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் டிக்கியின் குழுவினர். பென்சியாஸும் வில்சனும் கண்ட மிச்சம், வெப்பமாகத் தொடங்கிய பேரண்டத்தின் எச்சக் கதிர்வீச்சு என்றார்கள். பென்சியாஸும் வில்சனும் தங்கள் கட்டுரைத் தலைப்பில் 'மிகை ஆன்டெனா வெப்பநிலை' என்பதற்கு மேல் போகவில்லை; விளக்கத்துக்கு டிக்கி குழுவின் கட்டுரையைக் கைகாட்டினார்கள். அந்த நிதானம் சரியானது என்பேன். ஒரே அலைநீளத்தில் எடுத்த ஓர் எண் பல விளக்கங்களுக்கு இடம் கொடுக்கும்.

அதற்காக எந்த விளக்கமும் செல்லுபடியாகிவிடாது. 7.35 சென்டிமீட்டரில் வந்தது தொலைதூர ரேடியோ மூலங்களின் கூட்டு இரைச்சல் என்றால், அலைநீளம் குறையும்போது வெப்பநிலை வேகமாகச் சரிய வேண்டும். எச்சக் கதிர்வீச்சு என்றால் மாறக் கூடாது. பிரின்ஸ்டனில் ரோலும் வில்கின்சனும் 3.2 சென்டிமீட்டரில் அளந்தார்கள்: 3.0 கெல்வின், பிழை அரை கெல்வின். பிழை வரம்புக்குள் வெப்பநிலை மாறவில்லை.