வாக்கர்: துணி மிதித்த கால்களின் பெயர்

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஊட்டிக்குப் போன இடத்தில் அப்பா எனக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கித் தந்தார். ஊர் திரும்பியதும் அம்மா அதை மற்றத் துணிகளோடு சேர்த்து வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தார். பிறகு கல்லில் போட்டுக் கும்மி எடுத்தார். காய்ந்த பிறகு பார்த்தால், அது என் தம்பிக்குக்கூடப் போடமுடியாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. பின்னலின் கண்ணே தெரியவில்லை. தடித்து, இறுகி, சாக்குத் துண்டு மாதிரி ஆகிவிட்டது. அம்மா அன்று முழுக்க வருத்தப்பட்டார். அவர் நெசவாளர் வீட்டில் பிறந்தவர், துணியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர் அறிந்த துணி பருத்தி. பருத்தியை என்ன கும்மினாலும் இப்படி ஆகாது.

அம்மா தெரியாமல் செய்த அந்த வேலையைத் தெரிந்தே செய்து வயிறு வளர்த்தவர்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுடைய பெயரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வாக்கர் என்ற குடும்பப் பெயர்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதான் நம்மில் யாரும் நினைப்போம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள், ஊரே நடந்து திரிந்த காலத்தில் ஒருவனை மட்டும் நடப்பவன் என்று ஏன் அழைக்க வேண்டும்? பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. புரட்டுதல், உருட்டுதல், அலைக்கழித்தல் என்று பொருள். கடல் அலை புரள்வதையும் அந்தச் சொல்லால் சொன்னார்கள். அந்த வேலையைத் துணியின் மேல் செய்பவன் 'வெயால்கெரே'. நாம் இன்று அறிந்த 'நடத்தல்' என்ற பொருள் அந்த வினைச்சொல்லில் பிற்பாடுதான் ஊன்றி நின்றது. ஆகவே வாக்கர் என்றால் துணியை மிதித்துப் புரட்டுகிறவர்.

எதற்காக மிதிக்க வேண்டும்? தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. ஆட்டு ரோமத்தின் கொழுப்பு அதில் ஒட்டியிருக்கும். இழைகளுக்கு நடுவே சல்லடை போல இடைவெளி இருக்கும், காற்றும் மழையும் உள்ளே வரும். ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும், பார்வைக்குத் தெரியாத அளவில், மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. ஈரமும் சூடும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும், மழை தாங்கும். என் ஸ்வெட்டருக்கு நேர்ந்தது அதுதான்.

அந்த வேலையிடத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். நம் ஊர் மாட்டுத் தொட்டி போல ஒரு தொட்டி. அதில் நனைந்த துணி மடித்து மடித்துக் கிடக்கிறது. மேலே ஊற்றியிருப்பது வெறும் தண்ணீர் அன்று. வீடு வீடாகச் சேகரித்து, பல நாள் புளிக்கவிட்ட சிறுநீர். அதிலிருந்து எழும் அம்மோனியா கண்ணைக் கரிக்கும், ஆனால் ரோமத்தின் கொழுப்போடு சேர்ந்து அதுவே சோப்பாக மாறும். கூடவே ஒருவகைக் களிமண். அது மிச்ச எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். இதற்குள் ஒருவர் முழங்கால் வரை இறங்கி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்காக மிதிக்கிறார். துணி எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுக வேண்டும் என்பதால் அடிக்கடி குனிந்து கையாலேயே புரட்டிப் போடுகிறார். ரோமானியர் காலத்திலும் இதே வேலைதான். பொம்பெயி நகரத்தில் ஒரு பட்டறையில் கிடைத்த சுவரோவியம் இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தொட்டிகளுக்குள் நின்று மிதிப்பவர்களைப் பார்க்கலாம். பட்டறைகள் வாங்கிய சிறுநீருக்கு வெஸ்பாசியன் என்ற பேரரசர் வரியே போட்டார்.

அந்தக் களிமண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசுகிற முல்தானி மட்டி அதே இனத்து மண்தான். ஆங்கிலத்தில் அதற்கு இன்றைக்கும் 'ஃபுல்லர்ஸ் எர்த்', அதாவது ஃபுல்லரின் மண் என்றுதான் பெயர்.

ஃபுல்லர் யார் என்கிறீர்களா? அவரும் இதே துணி மிதிப்பவர்தான்! இந்தப் பெயரின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இது. ஒரே வேலை, ஒரே தொட்டி, ஒரே நாற்றம். ஆனால் இங்கிலாந்தின் மூன்று மூலைகளில் மூன்று பெயர். தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர் என்றார்கள், அது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். தென்மேற்கில், டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் டக்கர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு வதைத்தல் என்று பொருள். துணியை வதைக்கிறவர்! எக்ஸெட்டர் நகரில் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் துணி கத்தரிப்பவர்களும் சேர்ந்து 1471-இல் கட்டிய மண்டபம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் டக்கர்ஸ் ஹால். மேற்கு மிட்லண்ட்ஸ் தொடங்கி யார்க்ஷயர், லங்காஷயர் வழியாக ஸ்காட்லாந்து வரை வாக்கர்.

1881-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் குடும்பப் பெயர்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்று பெயர்களையும் அதில் பாருங்கள். இருப்புப்பாதை வந்து, தொழிற்சாலை வந்து, மக்கள் இடம்பெயர்ந்து போன பிறகும், ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எந்த வட்டாரத்தில் எந்தச் சொல் புழங்கியதோ அந்த வட்டாரத்திலேயே அந்தப் பெயர் அடர்ந்து கிடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளிகளின் பேச்சுவழக்கு இவ்வளவு காலம் கலையாமல் இருக்கிறது. எந்தக் கல்வெட்டும் அவர்களுக்காக வெட்டப்படவில்லை. இந்தப் பெயர்கள்தான் கல்வெட்டு.

வேல்ஸில் இந்தத் தொழில் ஊர்ப் பெயர்களில் தங்கியது. டோனிபாண்டி என்ற ஊர்ப் பெயரில் வரும் 'பாண்டி' துணி மிதிக்கும் ஆலையைக் குறிக்கும் வெல்ஷ் சொல். நம் பாண்டி நாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, யாரும் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'துணி மிதிப்பவரின் மகன்' என்று பொருள்படும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. அந்தக் குடும்பங்களில் சில ஆங்கிலத்துக்கு மாறியபோது வாக்கர் என்று வைத்துக்கொண்டன.

தமிழுக்கு இந்தத் தொழில் வந்தபோது என்ன ஆனது தெரியுமா? ஆங்கில விவிலியத்தில் மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஃபுல்லர் வருகிறார். தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் வண்ணான் என்று இருக்கும். மொழிபெயர்த்தவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். பருத்தி நாட்டில் இந்தத் தொழிலே இல்லை, தொழில் இல்லாத இடத்தில் சொல் எங்கிருந்து வரும்?

இனி, பெயர் உறைந்து நின்ற கதைக்கு வருகிறேன். நமக்கு இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கிலாந்திலும் 1066-இல் நார்மானியர் படையெடுத்து வந்த காலத்தில் சாதாரண மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தச்சரின் மகன் மீன் பிடித்தால் அவன் மீன்காரன்தான். பிறகு மெல்ல மெல்ல, சொத்துக்காகவும் வரிக்காகவும் நீதிமன்றத்துக்காகவும், தகப்பன் பெயர் மகனுக்கு ஒட்டத் தொடங்கியது. 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் அது ஊன்றிவிட்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் போட்ட தலைவரிக்காக எழுதிய ஏடுகள் இந்த மாற்றத்தை நடுவழியில் பிடித்து வைத்திருக்கின்றன.

அதே நூற்றாண்டுகளில்தான் இன்னொன்றும் நடந்தது. துணி மிதிக்கும் வேலையைத் தண்ணீர் செய்யத் தொடங்கியது. ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் மரச் சம்மட்டிகளைத் தூக்கிப் போடும். சம்மட்டி துணியை இடிக்கும். 1185-இல் டெம்ப்ளர் என்ற துறவிப் போர்வீரர் அமைப்பு தன் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரில் ஒன்றும் காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் ஒன்றுமாக இப்படிப்பட்ட ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. அடுத்த நூற்றாண்டில் அவை நாடெங்கும் பரவின.

எல்லோரும் அதை மகிழ்ந்து ஏற்கவில்லை. ஆலை பெரும்பாலும் நிலப்பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தம். உங்கள் துணியை எங்கள் ஆலையில்தான் இடிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தில் 1270-களில் மடத்தின் தலைவர் அப்படி வற்புறுத்தியபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். அரசி அந்த வழியாக வந்தபோது பெண்கள் திரண்டுபோய் முறையிட்டார்கள். வழக்கும் நடந்தது. வென்றது மடம்தான். எங்கள் துணியை எங்கள் வீட்டில் எங்கள் காலாலேயே மிதித்துக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் கேட்ட உரிமை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கால் தொட்டியைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் மிதிப்பவர் என்ற பெயர் குடும்பப் பெயராக இறுகியது. தலைவரி ஏட்டில் வாக்கர் என்று எழுதப்பட்ட பலரும் சம்மட்டியைக் கவனித்துக்கொண்ட ஆலைக்காரர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்கள் சுமந்தது பாட்டன் காலின் பெயரை.

எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் அதிகம் வழங்கும் முதல் இருபது குடும்பப் பெயர்களில் வாக்கர் ஒன்று. அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கர்கள் இருக்கிறார்கள். ஃபுல்லரும் டக்கரும் இதற்கு வெகுதூரம் பின்னால். வாக்கர் என்ற சொல் வழங்கிய நிலப்பரப்பு பெரிது. அந்த நிலப்பரப்பில்தான் பிற்காலத்தில் ஆலைத் தொழில் பெருகி மக்கள்தொகையும் பெருகியது. காரணம் இவை இரண்டும்தான் என்பது என் கணிப்பு.

இவர்கள் எல்லோரும் ஒரே வம்சமா? இல்லவே இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் குடும்பப் பெயரையும் தந்தைவழி மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மித் போன்ற பரவலான தொழிற்பெயரில் அப்படி எந்த உறவும் இல்லை. தொட்டி இருந்த ஊரிலெல்லாம் ஒரு வாக்கர் தனித்தனியாகத் தோன்றியிருப்பார். நியூகாஸில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு. அது ரோமானியர் கட்டிய மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்ற பொருளில் வந்த பெயர். அங்கிருந்து கிளம்பிய ஓரிரு குடும்பங்களும் இந்தக் கூட்டத்தில் கலந்திருக்கலாம்.

அமெரிக்க வாக்கர்களில் கணிசமானவர்கள் கறுப்பின மக்கள். அடிமைப்பட்ட முன்னோர்களின் ஏட்டில் முதலாளியின் பெயர் ஏறியது பல குடும்பங்களின் கதை. அந்தப் பெயரைத் தாங்கியவர்களில் நான் மிகவும் மதிப்பவர் மேடம் சி. ஜே. வாக்கர். 1867-இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். இயற்பெயர் சாரா பிரீட்லவ். வாக்கர் என்பது கணவர் வழியில் வந்த பெயர். கூந்தல் பராமரிப்புப் பொருள்களை விற்று அமெரிக்காவின் பெரும் தொழிலதிபர்களில் ஒருவராக உயர்ந்தார். அதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் என்ன வேலை செய்தார் தெரியுமா? ஊரார் துணியை வெளுத்தார். கொதிநீரில் கையை விட்டுத் துணியோடு போராடிய ஒரு பெண்ணிடம் இந்தப் பெயர் வந்து சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்தப் பெயரை உலகத்தில் அதிகம் பேர் பார்த்தது ஒரு விஸ்கி பாட்டிலில். ஜான் வாக்கர் என்ற மளிகைக்காரர் 1820-இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் கடை தொடங்கினார். 1908-இல் அந்த நிறுவனத்துக்காக வரைந்த சின்னத்தில் உயர்ந்த தொப்பியும் பளபளக்கும் நீண்ட பூட்சும் அணிந்த ஒரு கனவான் கையில் தடியோடு வீறுநடை போடுகிறார். அழகான படம்தான். ஆனால் அந்தப் பெயரை ஈட்டிக் கொடுத்தவருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. முழங்கால் வரை ஈரம், நகக்கண்ணில் களிமண்.

கடைசியாக ஒரு காட்சி. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் ஆலை இல்லாமலே பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். ஒரு நீளமான பலகையின் இருபுறமும் உட்கார்ந்து, ஊறிய கம்பளித் துணியைக் கையால் அடித்து அடித்துப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளுவார்கள். துணி சூரியன் சுற்றும் திசையில் பலகையைச் சுற்றி வரும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திரும்பப் பாடுவார்கள், நாற்று நடவில் நம் பெண்கள் பாடுவது போல. பாட்டின் வேகம் ஏற ஏறக் கையின் வேகமும் ஏறும். ஒரு பாட்டு முடிந்ததும் மூத்தவள் நடுவிரலை நீட்டித் துணியின் அகலத்தை அளப்பாள். இன்னும் சுருங்க வேண்டும் என்றால் அடுத்த பாட்டு. பாடிய பாட்டையே மறுபடி பாடினால் ஆகாது என்பது நம்பிக்கை, அதனால் புதிதாக ஒன்றை எடுப்பார்கள்.

நன்றி, வணக்கம்.