எந்தப் பத்திரிகை என்று கேட்காத இடங்கள்

(காட்சி: காலை நேரம், வடசென்னையின் எண்ணூர் முகத்துவாரம். கரையில் கவிழ்த்து வைத்த படகுகள்.)

வணக்கம். வேலை இழந்த நிருபர், நிறுவனம் இல்லாமல் தனியாகச் செய்தி எழுதத் தொடங்குவது எப்படி என்று பேசப்போகிறேன். 11 ஆண்டுகள் ஒரு செய்தி நிறுவனத்தில் நிருபராக இருந்துவிட்டு, ஆட்குறைப்பு என்ற ஒற்றைச் சொல்லோடு அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவன் நான். அடுத்த வாரம் அதிகாரி ஒருவரை அழைத்தபோது, "இப்போது எந்தப் பத்திரிகை?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் அழைப்பைத் துண்டித்தேன்.

பிறகு ஒருநாள் எண்ணூருக்குப் போனேன். மீன் கூடையை இறக்கி வைத்த அக்கா ஒருவர், "என்ன தம்பி, ஆளையே காணோம்? எண்ணெய் வந்துச்சே, அது என்னாச்சு?" என்றார். எந்தப் பத்திரிகை என்று அவர் கேட்கவில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில் படிந்தபோது, மீனவர்கள் அதைக் குவளைகளால் அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பியதை நாம் எல்லோரும் செய்தியாக்கினோம். அதே மாதம் 26ஆம் தேதி இரவு உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததையும் எழுதினோம். அடுத்த செய்தி வந்ததும் கிளம்பிவிட்டோம். அன்றாடச் செய்தியறையில் அதற்குமேல் நேரம் கிடைக்காது. வேலை இழந்த நிருபர் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்: பாதியில் விட்டுவந்த செய்திகளில், பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒன்று.

(காட்சி: மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள், நீதிமன்றக் கட்டண வில்லை.)

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, இங்கே பெருந்துணை. ஆவணத்தை வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் வில்லை ஒட்டிய விண்ணப்பம் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பத்திரிகையாளர் என்று காட்டவும் வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். "ஏன் இன்னும் சுத்தம் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் ஆகாது எனத் தள்ளிவிடுவார்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எடுத்த சேற்று மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதுவதற்கு முன்பே, வெளியிடப்போகும் பத்திரிகையிடம் தொகையையும் அதைத் தரும் தேதியையும் மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊதியத்தில் 10 சதவீதம் வரி பிடித்தால், வருமானம் வரம்புக்குள் இருக்கும்போது கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். முதல் சில மாதங்களுக்கு மொழிபெயர்ப்போ பிழைதிருத்தமோ செய்து வாடகை கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. நானும் அப்படித்தான் கொடுத்தேன். குற்றஞ்சாட்டப்படுபவரின் விளக்கத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அவதூறு வழக்கு வந்தால் உடன் நிற்க இப்போது நிறுவனத்தின் வழக்கறிஞர் இல்லை.

(காட்சி: மீண்டும் முகத்துவாரம்.)

என் முதல் விண்ணப்பத்துக்கு இரண்டு பக்கப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் அந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "தண்ணியைத்தான் சோதிச்சிருக்காங்க. சேத்துல கையால தடவிப் புடிக்கிற எறாலைச் சோதிச்சாங்களான்னு கேளு" என்றார். என் இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் கேள்வி அதுதான்.