எனக்கு வந்த சீட்டு சூடான்

வணக்கம் மக்களே. வகுப்பில் மாதிரி ஐ.நா. விவாதம், அதாவது ஆளுக்கொரு நாட்டின் தூதராகப் பேசுவது, நடக்கப்போகிறது என்று போன வீடியோவில் சொன்னேன் அல்லவா, அது முடிந்துவிட்டது. குரல் கொஞ்சம் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக் குலுக்கியபோது எனக்கு எகிப்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிரித்தால் சூடான். முகம் தொங்கிப்போய்விட்டது. விவாதம் நைலில் கலக்கும் நீல நைல் ஆற்றில் எத்தியோப்பியா 2011-இல் கட்டத் தொடங்கிய பெரிய அணையைப் பற்றியது. அவர்களுக்கு மின்சாரம் வேண்டும், எகிப்துக்கோ நைலை விட்டால் வேறு ஆறே இல்லை. இதில் சூடானுக்கு என்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. மேலே அணை இருந்தால் ஆற்று வெள்ளம் அடங்கும், அது சூடானுக்கு லாபம். ஆனால் அந்த அணைக்குக் கீழே சூடானின் ரோசைரஸ் அணை இருக்கிறது. மேலே எப்போது எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், எவ்வளவு பிடித்து வைக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் இங்கே எதையும் திட்டமிட முடியாது. ஆக, அணை வேண்டும், பயமாகவும் இருக்கிறது. இந்த இரண்டையும் தொண்ணூறு நொடிக்குள் எப்படிப் பேசுவது?

இன்னொரு தொல்லையும் உண்டு. 'நான்' என்று சொல்லக்கூடாது, 'எங்கள் அரசு' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது வரியிலேயே 'நான்' வந்துவிட்டது. பின் பெஞ்சில் சிரிப்பு.

சமாளித்துக்கொண்டு, "ஆறு எல்லோருக்கும் பொது, நியாயமாகப் பகிர வேண்டும்" என்று உணர்ச்சியோடு முடித்தேன். உட்காரவே இல்லை, எத்தியோப்பியா பெயர்ப்பலகையைத் தூக்கியது. "1959-இல் எகிப்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் பங்கு எவ்வளவு?"

எனக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். அதுதான் கொடுமை. நைலில் ஆண்டுக்கு 8,400 கோடி கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கிட்டார்கள். அதில் எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி, மீதி 1,000 கோடி ஆவியாதலுக்கும் கசிவுக்கும். நீல நைல் பிறக்கும் நாட்டுக்குப் பூஜ்யம். ஆவியாகிற தண்ணீருக்குக்கூட ஒரு எண் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. "எங்கள் அரசு பிறகு பதிலளிக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நிஜமான தூதர்களும் இப்படித்தான் தப்பிப்பார்களோ என்னவோ.

அப்புறம் இடைவேளை விட்டார்கள், எழுந்து நடந்து யாரோடும் பேசலாம். மேடையில் சொதப்பிய என்னைத்தான் இரண்டு பக்கமும் தேடி வந்தார்கள்! நடுவில் இருக்கிற நாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இருவருக்கும் முக்கியம். எகிப்தாக இருந்தவள் வறட்சிக் காலத்தில் எவ்வளவு தண்ணீர் விடுவார்கள் என்பதற்கு ஓர் எண் கேட்டாள், அது கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்றாள். எத்தியோப்பியாக்காரன் 'வழிகாட்டுதல்' என்ற சொல்லைத் தாண்டி வரமாட்டேன் என்றான். 2015-இல் மூன்று நாடுகளும் கார்ட்டூமில் கையெழுத்திட்ட கொள்கைப் பிரகடனத்தில் 'குறிப்பிடத்தக்க தீங்கு' கூடாது என்று இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினேன். இருவரும் சேர்ந்தாற்போல், "எவ்வளவு இருந்தால் குறிப்பிடத்தக்கது?" என்றார்கள். அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான்.

சரி, பெரியதை விட்டுவிட்டு எனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டேன். நீர்மட்டத் தகவலைத் தினமும் பகிர வேண்டும், மதகு திறப்பதற்கு முன் சொல்ல வேண்டும். இதை எத்தியோப்பியா ஏற்றது, அவர்களுக்கு இதில் பெரிய இழப்பு இல்லை. எகிப்துக்கு இது போதாது, ஆனாலும் எதிர்க்கவில்லை. மேடைப்பேச்சுக்கு மூன்று இரவு செலவழித்தேன், நடந்த ஒரே காரியம் ஜன்னலோரம் பத்து நிமிடத்தில் நடந்தது. கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

வறட்சி விதிக்கு மட்டும் கடைசிவரை முடிவு வரவில்லை. மணி அடித்தபோதும் பலகையில் அந்த எண்ணுக்கான இடம் காலியாகவே இருந்தது.

அடுத்த சுற்றில் நாடுகளை மாற்றுகிறார்கள். எனக்கு எத்தியோப்பியா. 1959 கேள்வி என் நோட்டில் முதல் வரியாக இருக்கிறது. சூடான் யாருக்கு வந்திருக்கிறதோ, அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.