ஹைட்ரோ பில் ஏறுறது ஹீட் பம்ப்பாலயா, பேக்கப் ஹீட்டாலயா?

வணக்கம். குளிர் தொடங்கினவுடன கனபேர் கேக்கிற கேள்வி: வெளிக்காத்தில இருக்கிற சூட்டை வீட்டுக்குள்ள கொண்டுவாற ஹீட் பம்ப் போட்டும் ஏன் ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், ஏறுது? அனேகமா பம்ப்பில பிழை இல்லை. பம்ப்புக்குத் துணையா இருக்கிற மின்சாரக் கொயில் அல்லது காஸ் ஃபேர்னஸ், அதாவது பேக்கப் ஹீட், எப்ப ஓடவேணும், எப்ப சும்மா இருக்கவேணும் எண்டு தெர்மோஸ்டாட்டுக்கு ஆரும் சொல்லிவைக்கேல்லை.

கணக்கைப் பாருங்கோ. சூட்டுக்காத்து போற டக்டுக்குள்ள இருக்கிற 10 கிலோவாட் மின்சாரக் கொயில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 10 யூனிட் போகும். அதே சூட்டை, வெளியில மைனஸ் 5 அளவில, குளிர்நாட்டுக்கெண்டு செய்த ஒரு நல்ல பம்ப் ஏறக்குறைய 4 யூனிட்டில தரும். குளிர் கூடக்கூட பம்ப் தாற சூடு குறையும், வீடு இழக்கிற சூடு கூடும். ரெண்டும் சமனா வாற இடம்தான் பலன்ஸ் பொயின்ட்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். ஒரு குளிர் இரவில பேக்கப்பை நிப்பாட்டி விடுங்கோ. பம்ப் ஓயாமல் ஓடியும் 21இல வைச்ச வீடு 20.5, 20 எண்டு இறங்கத் தொடங்கேக்க வெளியில என்ன டிகிரி எண்டு குறிச்சு வையுங்கோ. அது மைனஸ் 8 எண்டு வைப்பம். தெர்மோஸ்டாட்டில இன்ஸ்டாலேஷன் செட்டிங்குக்குள்ள போய், மைனஸ் 6க்கு மேல பேக்கப் ஓடாது எண்டு போடுங்கோ. கம்ப்ரஸர் ஆகக்குறைஞ்ச வெப்பநிலை எண்டு இன்னொண்டு இருக்கும், வெளியில அதுக்குக் கீழ போனால் பம்ப் ஓடாது. அதுக்கு மெஷின் புத்தகத்தில உள்ள எல்லையைப் போடுங்கோ. மின்சாரக் கொயில் பம்ப்போட சேர்ந்தே ஓடலாம். அதால பம்ப்பை முந்தியே நிப்பாட்டுறது வீண் காசு.

காஸ் ஃபேர்னஸ் பேக்கப்பா இருந்தால் கதை வேறை. பம்ப்பின்ர கொயில் ஃபேர்னஸுக்கு மேல நிக்கிறதால ரெண்டையும் ஒண்டா ஓடவிட்டால் சூட்டுக்காத்து கொயிலில பட்டு, பிரஷர் ஏறி, கம்ப்ரஸர் டிரிப் ஆகும். தெர்மோஸ்டாட்டில 'டூயல் ஃபியூவல்' எண்டு கட்டாயம் தெரிவு செய்யுங்கோ. எந்த டிகிரியில மாத்திறது? ஒரு கன மீற்றர் காஸ், 95 வீத ஃபேர்னஸில, ஏறக்குறைய 9.8 யூனிட் சூடு தரும். உங்கட யூனிட் விலையை 9.8ஆல பெருக்கி, காஸ் கன மீற்றர் விலையால வகுங்கோ. உதாரணத்துக்கு 14 சதமும் 45 சதமும் எண்டால் 3.05 வரும். வெளியில இருக்கிற குளிருக்கு பம்ப்பின்ர சிஓபி (ஒரு யூனிட் கரண்டுக்கு அது தாற சூடு எத்தினை யூனிட் எண்ட கணக்கு) அதுக்கு மேல இருந்தால் பம்ப், கீழ எண்டால் காஸ். டெலிவரிக் கட்டணத்தையும் சேருங்கோ, மாதாந்த நிலையான கட்டணத்தை விட்டிடுங்கோ. ஒன்ராறியோவில இரவுக் கரண்ட் மலிவா வாற அல்ட்ரா-லோ ஓவர்நைட் திட்டத்தில இருக்கிற ஆக்களுக்கு இரவு 11இல இருந்து காலமை 7 வரைக்கும் விடை தலைகீழா வரும். வார நாளில பின்னேரம் 4இல இருந்து 9 வரைக்கும் இன்னொரு விடை.

இனி வயர். தெர்மோஸ்டாட்டைக் கழட்ட முதல் பிரேக்கரை நிப்பாட்டுங்கோ. தெர்மோஸ்டாட்டுக்குக் கரண்ட் குடுக்கிற ஆர் வயரும் சி வயரும் முட்டினால் ஃபேர்னஸ் போர்ட்டில இருக்கிற 3 அல்லது 5 அம்ப் ஃபியூஸ் போகும். கார் ஃபியூஸ் மாதிரித்தான் இருக்கும், ஒண்டு ரெண்டு வாங்கி வையுங்கோ. புது தெர்மோஸ்டாட் மாத்தினால் முதலில ஓ-பி செட்டிங்கை (பம்ப்பை ஹீட்டிங்குக்கும் கூலிங்குக்கும் மாத்திற வயரின்ர செட்டிங்) பாருங்கோ. அனேகமான மெஷினுகள் கூலிங்கில ஓ வயருக்குக் கரண்ட் எடுக்கும், சிலது ஹீட்டிங்கில எடுக்கும். மாறிப் போட்டால் ஹீட் கேக்க குளிர்க்காத்து வரும். உடன பேக்கப் வந்து அதை மறைச்சுப்போடும், உங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஹீட்டிங்கில 5 நிமிசம் ஓடவிட்டு, வெளியில இருக்கிற தடிச்ச செப்புக் குழாய்க்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கோ. அது சூடா இருக்கவேணும்.

இரவில 17க்கு இறக்கி விடியக் 21க்கு ஏத்திற பழக்கத்தை மறந்திடுங்கோ. அது காஸ் ஃபேர்னஸ் காலத்துப் பழக்கம். 4 டிகிரி இடைவெளியைக் கண்டால் தெர்மோஸ்டாட் பேக்கப்பைக் கூப்பிடும், மிச்சம் பிடிச்ச காசு விடியமுதலே போயிடும். ஒரு டிகிரிக்கு மேல இறக்காதேங்கோ. கிரில்லால வாற காத்து சூடில்லை எண்டு டிகிரியைக் கூட்டுற ஆக்களும் இருக்கினம். பம்ப் காத்து 35 டிகிரி அளவிலதான் வரும், ஃபேர்னஸ் மாதிரி 50 இல்லை. வீடு 21இல நிண்டால் சரி.

வெளி யூனிட்டில இருந்து வெள்ளையா ஆவி வந்தால் பயப்பிடாதேங்கோ, அது டிஃப்ரொஸ்ட். கொயிலில உறைஞ்ச பனியை உருக்க மெஷின் கொஞ்ச நிமிசம் கூலிங்குக்கு மாறும், அந்த நேரம் பேக்கப் வாறது நியாயம். உறைபனி அசையாமல் கட்டியா நிண்டால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கோ. கத்தியால கொத்தாதேங்கோ, அலுமினியத் தகடு கிழியும்.

'எமர்ஜென்சி ஹீட்' எண்ட பட்டன் கம்ப்ரஸரை முழுசா நிப்பாட்டும். பம்ப் பழுதானால் தவிர அதைத் தொடாதேங்கோ.

மாதம் ஒருக்கா தெர்மோஸ்டாட்டின்ர ரன்-டைம் பக்கத்தைத் திறவுங்கோ. வெளியில பிளஸ் 5 நிண்ட நாளிலும் பேக்கப் மணிக்கணக்கா ஓடியிருந்தால், கம்ப்ரஸர் ஓடாமல் இருந்திருக்கலாம், இல்லாட்டி மேல சொன்ன செட்டிங் பிழையா இருக்கலாம். முதல்ல ஃபில்டரை மாத்திப் பாருங்கோ. அடைபட்ட ஃபில்டரால காத்து குறைஞ்சு, பிரஷர் கூடி, பம்ப் டிரிப் ஆகியிருக்கலாம்.