ஒரு வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர்

நேயர்களுக்கு வணக்கம். புது ரவுட்டர் வாங்கி மாட்டுகிறோம். விளக்கெல்லாம் எரிகிறது, கைப்பேசியில் வைஃபை தெரிகிறது, இணையம் மட்டும் வரவில்லை. கடையில் கொடுத்து மாற்றி வந்தாலும் அதே கதை. இருபது ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவன் சொல்கிறேன்: பெரும்பாலும் பழையதும் புதியதும் நல்ல பெட்டிகள்தாம்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் ஆசிரியை அழைத்தார். மாடி அறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று ரவுட்டர் வாங்கி, கீழே உள்ள மோடத்திலிருந்து வயர் இழுத்திருந்தார். மூன்று நாளாக அலைச்சல். கடைக்காரர் மோடத்தைக் குறை சொல்கிறார். இணைப்புக் கொடுத்தவர்கள் ரவுட்டரைக் குறை சொல்கிறார்கள். மகளுக்கோ மறுநாள் இணையவழித் தேர்வு. நான் போனதும் இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். இரண்டிலும் ரவுட்டரின் முகவரி எண் 192.168.1.1! வாசல் பக்கமும் அதே முகவரி, கொல்லைப் பக்கமும் அதே முகவரி என்றால், வந்த தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது? சில ரவுட்டர்கள் இதைக் கண்டு தாமே மாறிக்கொள்ளும். இது மாறவில்லை. புதியதை 192.168.2.1 என்று மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. அந்தப் பெண் தேர்வு எழுதினாள்.

காரணத்தைச் சொல்கிறேன்: இணைய நிறுவனம் தரும் பெட்டியை மோடம் என்கிறோம், ஃபைபரில் ஓஎன்டி என்கிறோம், இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை ரவுட்டராகவும் வேலை செய்பவை. நீங்கள் வாங்குவது இரண்டாவது ரவுட்டர். முகவரி மோதாவிட்டாலும், வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முயன்றால் இரண்டு கதவுகள் குறுக்கே நிற்கும். ஒன்று ஒதுங்க வேண்டும். புதியதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். அது வைஃபை மட்டும் கொடுக்கும். இல்லையென்றால் மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். அப்போது அது ரவுட்டர் வேலையை விட்டு, இணைப்பை அப்படியே கடத்திவிடும்.

பிரிட்ஜ் என்றால், பல இணைப்புகளில் நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் புது ரவுட்டரில் இட வேண்டும். சிலவற்றில் விலேன் எண்ணும், அதாவது இணையத் தகவல் எந்தத் தடத்தில் போகிறது என்று காட்டும் எண்ணும், வேண்டும். இவற்றைக் கேட்டால் நிறுவனத்தார் தயங்குகிறார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்குத் தன் இணைப்பின் கடவுச்சொல் தெரியக் கூடாதா? எனக்கு இது பொறுக்கவில்லை. விடாமல் கேளுங்கள், எழுதி வாங்கி டைரியில் குறித்து வையுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: பெயரும் கடவுச்சொல்லும் இட்டபின் சில தளங்கள் திறந்து, சில பாதியில் நின்றால், ரவுட்டர் அமைப்பில் எம்டியு என்ற இடத்தில், அதாவது ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவில், 1500-ஐ 1492 ஆக்கிப் பாருங்கள். அந்த எட்டு பைட்டை பிபிபிஓஇ, அதாவது பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைக்கும் முறை, எடுத்துக்கொள்கிறது. வணக்கம்.