சொம்புல யார் பேரு?

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஆஃப் பண்ணா வேர்த்துக் கொட்டுது.

போன வீடியோவுல சொன்னேன்ல, என் சிறுகதையை நானே நாடகமா எழுதிக்கிட்டிருக்கேன்னு. மூணாவது டிராஃப்ட் முடிச்சாச்சு. முதல் டிராஃப்டை இப்போ எடுத்துப் படிச்சா சிரிப்புதான் வருது. கதையில இருந்த வரியையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் கொடுத்திருக்கேன். அது நாடகம் இல்லைங்க, பட்டிமன்றம்.

கதை சின்னதுதான். அம்மா போன அப்புறம் அக்காவும் தம்பியும் பாத்திரம் பிரிக்கிறாங்க. ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து, அதுல வெட்டியிருக்கிற பேரை அக்கா பார்க்குறா. அவ பேரு. "யார் பேருக்கா போட்டிருக்கு?"ன்னு தம்பி கேட்குறான். "உன் பேருதான், எடுத்துக்கோ"ங்குறா. அதுக்கப்புறம் அவ மனசுக்குள்ள ஓடுறதை ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். நான் எழுதினதுலயே நல்ல ரெண்டு பக்கம் அதுதான், சத்தியமா.

மேடையில? பன்னெண்டாவது வரிசையில உட்கார்ந்திருக்கிறவருக்குச் சொம்பே சுண்டைக்காய் சைஸுலதான் தெரியும். இதுல பேரு எங்க தெரியப்போகுது? அவ பொய் சொன்னாங்குறதே யாருக்கும் புரியாது.

இங்க முட்டி நின்னப்போதான் துப்பறியும் கதை எழுதின அகதா கிறிஸ்டி ஞாபகம் வந்தாங்க. 1939ல வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலைப் படிக்காதவங்க முப்பது செகண்ட் தள்ளி ஓட்டிக்குங்க. தீவுக்குப் போன பத்துப் பேரும் செத்துடுவாங்க. யார் பண்ணதுன்னு பாட்டில்ல போட்டு கடல்ல விட்ட ஒரு கடிதம்தான் சொல்லும். அதை வச்சு 1943ல லண்டன்ல மேடையேறுன நாடகத்தையும் அவங்களேதான் எழுதினாங்க. எல்லாரும் செத்துட்டா மேடையில நின்னு நடந்ததைச் சொல்ல ஆள் வேணாமா? ரெண்டு பேரைப் பிழைக்க வச்சு முடிவையே மாத்திட்டாங்க. 'தி ஹாலோ' நாவல்ல இருந்த, அவங்களோட பேர்போன துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவை 1951 நாடகத்துல தூக்கியே கடாசிட்டாங்க. பொய்ரோவையே! நான் என்னடான்னா ஒரு மாமா கேரக்டரை வெட்ட மூணு வாரம் மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தேன்.

சரி, சொம்புக்கு வருவோம். எனக்கும் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. கதையில வாயே திறக்காத தம்பி பொண்டாட்டியைப் பிடிச்சேன். அக்கா கிளம்புறா, வாசல்ல குனிஞ்சு செருப்பு மாட்டுறா. உள்ள சொம்பைப் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருக்கிறவ குரல் கொடுக்குறா: "என்னங்க, இதுல உங்க அக்கா பேருல்ல இருக்கு?" அக்கா நிமிரலை. செருப்பு வாரைத் திரும்பக் கழட்டி மாட்டுறா. தம்பி பார்த்துக்கிட்டே நிக்கிறான். என் ரெண்டு பக்கமும் அவ்வளவுதான், டயலாக்கே கிடையாது.

ரிகர்சல்ல எவர்சில்வர் சொம்பை வச்சு ஓட்டிப் பார்த்தோம். தரையில வச்சா 'டிங்'குன்னு ஒரு சத்தம், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நல்ல கனமான பித்தளை வேணும். எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அம்மாகிட்ட கேட்டேன்.

"அதுல உன் தங்கச்சி பேருடா போட்டிருக்கு, அவகிட்ட கேளு"ன்னுட்டாங்க.