பழைய .22 ரிவால்வர்: தோட்டாவைச் சரிபண்ணினா குறி சரியாகுமா?

வணக்கம். இன்னைக்கு எடுத்துக்கிற சந்தேகம் அமெரிக்காவுல இருக்கிற ஒரு நேயரோடது. அவர்கிட்ட 1950-கள்ல செஞ்ச ஸ்மித் அண்ட் வெஸன் கே-22 மாஸ்டர்பீஸ் இருக்கு. ஆறு இன்ச் குழல், போடுற தோட்டா .22 லாங் ரைஃபிள். மணல் பை மேல கையை ஊன்றி 25 கெஜத்துல சுட்டாலும் குண்டுகள் நாலு இன்ச்சுக்குச் சிதறுதாம். "ரிம்ஃபயர் தோட்டாவை (அடிப்பக்க விளிம்பான ரிம்முக்குள்ள தீப்பொறி மருந்து இருக்கிறது) திரும்ப மருந்து அடைச்சுப் பயன்படுத்த முடியாது, தெரியும். ஆனா எடை போட்டுப் பிரிக்கிறது, ரிம் தடிமன் அளந்து பிரிக்கிறது, குண்டோட மூக்கைத் தட்டையாக்குற கருவி, இதெல்லாம் பலன் தருமா?"ன்னு கேட்டிருக்கார்.

பிரிக்கிறது கொஞ்சம் உதவும். சரியான தோட்டாவைத் தேடிப் பிடிக்கிறது நிறையவே உதவும். மூக்கைத் தட்டையாக்குறது வேண்டாம். ஆனா இதெல்லாம் அடுத்த படி. அந்த நாலு இன்ச் தோட்டாவால வருதா, சிலிண்டரால வருதான்னு முதல்ல தெரியணும். ரைஃபிளுக்கு ஒரே ஒரு அறை, அதாவது தோட்டா உட்கார்ற துளை. உங்க ரிவால்வர்ல ஆறு அறை இருக்கு, ஒவ்வொண்ணும் சுத்தி வந்து அதே குழலுக்கு நேரா நிக்கணும். ஒரே ஒரு அறை கொஞ்சம் தள்ளி நின்னாலும், அதுலேருந்து போற குண்டு தனியா ஒரு இடத்துல விழும். நீங்க என்ன விலைக்குத் தோட்டா வாங்கினாலும் அது மாறாது.

அதனால அறை அறையா சுட்டுப் பாருங்க. ஃபெல்ட் பேனாவால சிலிண்டர் பள்ளங்கள்ல ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் எண் போடுங்க. 50 தோட்டா உள்ள ஒரு பெட்டி போதும். முதல் 10 குழல் பழகறதுக்கு. அடுத்த 30-ல அறைக்கு அஞ்சு, ஒவ்வொரு அறைக்கும் தனி இலக்கு. ஹேமரை விரலால இழுத்து வச்சு, சிங்கிள் ஆக்‌ஷன்ல மட்டும் சுடணும். குழலைப் பை மேல வைக்காதீங்க, மணிக்கட்டை வைங்க. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி வழியா வாயு பக்கவாட்டுல பீறிட்டு அடிக்கும். பையும் விரலும் அதுக்குப் பக்கத்துல இருக்கவே கூடாது. மிச்சம் இருக்கிற 10, எந்த அறை மேல சந்தேகமோ அதுக்கு.

இப்ப இலக்கைப் படிங்க. ஒவ்வொரு அறையும் ஒன்றரை இன்ச்சுக்குள்ள நெருக்கமா அடிக்குது, ஆனா கூட்டங்கள் வேற வேற இடத்துல இருக்குன்னா, அது அறையோட நேர்ப்பாடு. துப்பாக்கிப் பழுதுபார்க்கிறவர் கிட்டதான் போகணும். பக்கவாட்டுல ஈயத் துணுக்கு தெறிச்சாலும் அதே கதைதான். அதுவரைக்கும் நல்லா அடிக்கிற அறைகளை மட்டும் போட்டிக்கு வச்சுக்கலாம். எல்லா அறையும் ஒரே மாதிரி அகலமா சிதறினா தோட்டா மேலயும் குழல் மேலயும் சந்தேகப்படலாம். மேலும் கீழுமா நீளமா விழுந்தா, தீப்பிடிக்கிறது ஒரே சீரா இல்லைன்னு அர்த்தம்.

இந்தக் கடைசி விஷயத்துல பழைய கே-22 வச்சிருக்கிறவங்க அடிக்கடி மாட்டிக்கிறாங்க. கைப்பிடிச் சட்டத்தோட முன்பக்கம் கீழே ஒரு திருகு இருக்கும். ஹேமர் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிறது அதுதான். விசை லேசாகணும்னு முன்னாடி வச்சிருந்தவர் அதைத் தளர்த்தி விட்டிருப்பார். ரிம்ஃபயர்ல தீப்பொறி மருந்து ரிம்முக்குள்ள இருக்கு, ஃபயரிங் பின் அந்தப் பித்தளையை நசுக்கினாத்தான் பத்தும். அடி பலவீனமா விழுந்தா வெடிக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வெடிக்காது. அந்தத் திருகை முழுசா முறுக்குங்க.

அடுத்தது கரி. முன்னாடி யாராவது .22 ஷார்ட் நிறைய சுட்டிருந்தா, அந்தக் கூடு குட்டை, அதனால அறைக்குள்ள அது முடியிற இடத்துல கரி வளையமா படிஞ்சிருக்கும். லாங் ரைஃபிள் தோட்டா அங்க போய் இடிக்கும், ரிம் முழுசா உட்காராது. பின் அடிக்கிற அடியில பாதி தோட்டாவை முன்னாடி தள்ளறதுலயே போயிடும். கரைப்பானை ஊத்தி ஊற விட்டு, வெண்கல பிரஷ்ஷால ஒவ்வொரு அறையையும் தேய்ங்க. காலிக்கூட்டைத் தள்ளுற நட்சத்திரத்துக்கு அடியில எரியாத மருந்துத் துகள் மாட்டியிருக்கான்னும் பாருங்க; நாலஞ்சு துகள் போதும், சிலிண்டர் இறுகிடும்.

இதெல்லாம் சரின்னா இப்ப தோட்டாவுக்கு வருவோம். ஆறு வகை வாங்குங்க, வகைக்கு ஒரு பெட்டி: சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, எலி (Eley), எஸ்கே (SK) கம்பெனிகளோடது, அப்புறம் கடையில சாதாரணமா கிடைக்கிற மூணு. எல்லாம் 40 கிரெய்ன் (குண்டோட எடையைச் சொல்ற அளவு) ஈயக் குண்டா இருக்கட்டும். 60 கிரெய்ன் குண்டு வச்ச தோட்டாவும் விக்கிறாங்க. அவ்வளவு நீளக் குண்டை வழக்கமான .22 குழலுக்குள்ள இருக்கிற சுருள் வரிகளோட முறுக்கு நிலையா சுழல வைக்காது, இலக்குல பக்கவாட்டா விழுந்த ஓட்டையைப் பார்ப்பீங்க.

ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ஏன்னு கேட்டா, "ஒலி வேகத்தைத் தாண்டாது, அதனால துல்லியம்"னு சொல்வாங்க. அது ரைஃபிளுக்குச் சரி. சிசிஐ பெட்டியில போட்டிருக்கிற விநாடிக்கு 1070 அடிங்கிறது நீளமான ரைஃபிள் குழல்ல அளந்தது. உங்க ஆறு இன்ச் குழல்ல அதைவிடக் குறைவாத்தான் வரும். ஹை வெலாசிட்டி தோட்டா கூட இந்தக் குழல்லேருந்து பெரும்பாலும் ஒலி வேகத்துக்குக் கீழேதான் போகுது. அப்ப உண்மையான காரணம் வேற: இலக்குச் சுடுதலுக்குன்னு செய்யுற தோட்டாவுல ரிம், தீப்பொறி மருந்து, குண்டைக் கூட்டுக்குள்ள பிடிக்கிற பிடி, மேல பூசுற மெழுகு எல்லாம் சீரா இருக்கும். உங்க குழலுக்கு எது பிடிக்கும்னு சுட்டுப் பார்த்தாத்தான் தெரியும். விலை கூடினது ஜெயிக்கும்னு எந்த நிச்சயமும் இல்லை.

வகை மாத்தும்போது ஒண்ணு கவனிங்க. ஒரு கம்பெனி மெழுகு பூசும், இன்னொண்ணு கிரீஸ். குழலுக்குள்ள பழைய பூச்சு இருக்கும்போது புதுத் தோட்டாவோட முதல் சில குண்டுகள் தாறுமாறா போகும். உலர்ந்த துணி ஒரு தடவை விட்டு, 10 குண்டு சுட்டுட்டு, அப்புறம் எண்ண ஆரம்பிங்க. இதைச் செய்யாம நல்ல தோட்டாவைத் தள்ளி வைக்கிறவங்க நிறைய பேர். ஜெயிச்ச வகை கிடைச்சதும் பெட்டியில இருக்கிற லாட் எண்ணை (ஒரே தடவையில செஞ்ச தொகுப்போட எண்) பார்த்து அதே லாட்ல முடிஞ்ச அளவு வாங்கி வைங்க. லாட் மாறினா திரும்பவும் சோதிக்கணும்.

இப்ப பிரிக்கிறது. ரிம் தடிமன் அளக்க தனி கேஜ் விக்கிறாங்க, டிஜிட்டல் காலிப்பர்ல பொருத்துற மாதிரி. அறையில ரிம்முக்கு இருக்கிற இடம் குறைஞ்சது 0.043 இன்ச். தோட்டா ரிம் 0.038 இருந்தா, நடுவுல ஆயிரத்துல அஞ்சு இன்ச் காலி. பின் அடிக்கும்போது நசுங்கறதுக்கு முன்னாடி தோட்டா அவ்வளவு தூரம் முன்னாடி ஓடுது. ஆயிரத்துல ஒரு இன்ச் வித்தியாசத்துல குவியல் பிரிங்க, ரொம்ப மெல்லிசா இருக்கிறதைப் பயிற்சிக்கு ஒதுக்குங்க. சீரா செஞ்ச இலக்குத் தோட்டாவுல இந்த வேலை பெருசா எதையும் மாத்தாது. மலிவான மொத்தப் பெட்டித் தோட்டாவுலதான் பலன் தெரியும்.

எடை போடுறதுல எனக்கு நம்பிக்கை குறைவு. குண்டு 40 கிரெய்ன், பித்தளைக் கூடு பத்து கிரெய்ன் பக்கம், மருந்து ஒண்ணுலேருந்து ரெண்டு கிரெய்ன்தான். தராசு காட்டுற அரை கிரெய்ன் வித்தியாசம் ஈயத்துலயா, பித்தளையிலயா, மருந்துலயான்னு எப்படிச் சொல்றது? கூட்டத்தைவிட்டு ரொம்ப விலகி நிக்கிற ஒண்ணு ரெண்டைத் தூக்கி வைங்க, அதோட போதும்.

மூக்கைத் தட்டையாக்குற கருவிக்கு வர்றேன். தோட்டாவை ஒரு அச்சுக்குள்ள வச்சுக் குண்டை அழுத்தினா நுனி தட்டையாகும், உடம்பு பருக்கும். குழல் கொஞ்சம் அகலமான ரைஃபிள்ல இதனால நன்மை வந்ததுண்டு. உங்க கே-22-வோட அறைகள் ஏற்கெனவே இறுக்கமானவை. அழுக்குத் தோட்டா சுட்டா காலிக்கூடே சிக்கிக்கும். பருத்த குண்டு முழுசா உள்ள போகாம ரிம் துருத்தினா சிலிண்டர் சுத்தாது. துருத்தின ரிம்மை விரலாலயோ எதையாவது வச்சோ தள்ளுறது ஆபத்து, தீப்பொறி மருந்து அங்கதான் இருக்கு. குண்டு கூட்டுக்குள்ள இறங்கிட்டா அழுத்தமும் ஏறும். அதே காரணத்துக்காகக் குண்டைப் பிடுங்கி மருந்தைக் கூட்டுறது குறைக்கிறதுங்கிற பேச்சே வேண்டாம்.

இதைப் பார்க்கிற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. 1930-க்கு முந்தின ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் மாதிரி ரிவால்வர் வச்சிருந்தா, அறையோட பின்பக்கத்தைப் பாருங்க. ரிம் உட்கார்றதுக்குப் பள்ளம் வெட்டாம தட்டையா இருந்தா, ஹை வெலாசிட்டி தோட்டாவை அதுல போடவே போடாதீங்க. ரிம்மைச் சுத்தி எந்தத் தாங்கலும் இல்லை, அது வெடிச்சா பித்தளையும் வாயுவும் சுடுறவர் பக்கமாத்தான் வரும்.